குறுகும் விரிகுடா, உயரும் அலை

1896 ஜூன் 15. ஜப்பானின் வடகிழக்கே சன்ரிக்கு கடற்கரை. அன்றிரவு ஆழ்கடலில் மீன்பிடித்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கரை திரும்பினால் ஊரே இல்லை! ஏறத்தாழ 22,000 பேர் மாண்டுபோனார்கள்.

மீனவர்களின் படகுக்கு அடியில் கடந்துபோன சுனாமிதான் ஊரை அழித்தது. ஆழ்கடலில் அதன் உயரம் கொஞ்சம்தான். வேகமோ ஜெட் விமான வேகம். ஆழம் குறையக் குறைய அலையின் முன்பகுதி தயங்கும், பின்னால் வரும் நீர் அதன்மேல் ஏறும். சன்ரிக்கு விரிகுடாக்கள் பல வாய் அகன்று உள்ளே குறுகியவை. புனலில் ஊற்றியதுபோல அத்தனை நீரும் கோடியில் குவியும். ரியோரி விரிகுடாவில் தண்ணீர் 38 மீட்டர் உயரம்வரை ஏறியது.

ஒரே அலையோடும் முடியாது. விரிகுடாவுக்குள் சிக்கிய நீர் மணிக்கணக்கில் ஊசலாடும். வடியும்போதுதான் பெருங்கொடுமை: அஸ்திவார மண்ணை அரித்து, வீட்டையும் மனிதரையும் சேர்த்துக் கடலுக்கு இழுத்துப்போகும்.

1933-லும் அங்கே சுனாமி வந்தது. அதன்பின் அனேயோஷி கிராமத்தார் மலைச்சரிவில் ஒரு கல் நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று அதில் பொறித்தார்கள். சொன்னபடி மேலேயே குடியிருந்தார்கள். 2011 மார்ச் 11 அன்று வந்த சுனாமி அந்தக் கல்லை எட்டவில்லை.