முத்திரையைப் பார்த்துப் படம் பாருங்கள்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உங்களுக்குப் பிடித்த பழைய படங்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பிடித்த படங்களை வரிசையாக வாசித்தால் டெலிபோன் டைரக்டரி வாசிப்பது போல ஆகிவிடும். அதனால் பட்டியலை விட்டுவிட்டு, பழைய படம் பார்க்க நான் கைக்கொள்ளும் ஒரு வழியைச் சொல்கிறேன். பிடித்திருந்தால் நீங்களும் முயன்று பாருங்கள்.

நான் பேசப்போவது 1940-களிலும் 50-களிலும் வந்த தமிழ்ப் படங்களைப் பற்றி. அவற்றில் பெரும்பாலானவை வெளிவந்தபோது நான் பிறக்கவே இல்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கே அவை பழைய படங்கள்தான். தியேட்டரில் காலைக் காட்சியாகவும், பிறகு தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் பார்த்தவை. ஆகவே "அந்தக் காலம் போல வருமா" என்று பெருமூச்சு விட நான் வரவில்லை. இன்றைய பிள்ளைகளைப் போல நானும் வெளியிலிருந்து உள்ளே போனவன்தான்.

ஒரு பழைய படம் என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "யார் நடிச்சது?" எம்.ஜி.ஆரா, சிவாஜியா, ஜெமினியா? அதற்குப் பதிலாக "எந்த ஸ்டுடியோ எடுத்தது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். படம் தொடங்கும்போது வரும் முத்திரையைக் கவனியுங்கள். ஜெமினி என்றால் ஊதுகுழலோடு நிற்கும் இரட்டைக் குழந்தைகள். அந்த முத்திரைக்குப் பின்னால் ஓர் அலுவலகமே இருந்தது. மாதச் சம்பளக்காரர்கள், துறைத் தலைவர்கள், உதவியாளர்கள், கோப்புகள் எல்லாம் உண்டு. கிளார்க்காகவே காலம் தள்ளிய எனக்கு அதைத் தெரிந்துகொண்டதும் ஒரு சொந்தபந்தம் வந்துவிட்டது.

எழுத்தாளர் அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். செய்தித்தாள்களில் வரும் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் செய்த வேலைகளில் ஒன்று. அந்த அனுபவங்களைப் பின்னாளில் புத்தகமாக எழுதினார். ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று சொல்லப்பட்ட கட்டடத்தின் மாடியில் மேக்கப் பிரிவு இருந்ததாம். அந்தப் பிரிவில் வங்காளி, மராட்டியர், கன்னடர், ஆந்திரர், ஆங்கிலோ பர்மியர், நம் ஊர்த் தமிழர் என்று எல்லோரும் வேலை பார்த்ததைச் சிரிப்பு வரும்படி எழுதியிருக்கிறார். நம் குடியிருப்பு மாதிரியே இருக்கிறது, இல்லையா?

இனி நான்கு முத்திரைகளைப் பார்ப்போம்.

முதலில் ஜெமினி. எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனை நடத்தியவர். அவர் 1948-இல் தயாரித்து இயக்கிய 'சந்திரலேகா'வில் டி.ஆர். ராஜகுமாரி, எம்.கே. ராதா, ரஞ்சன் நடித்தார்கள். கதை என்று பார்த்தால் அண்ணன் தம்பி அரசுச் சண்டை, நடுவில் ஒரு பெண், அவ்வளவுதான். ஆனால் கடைசிப் பகுதியில் வரும் முரசு நடனத்தைப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பிரம்மாண்டமான முரசுகள், அவற்றின் மேல் ஆடும் பெண்கள். முரசுகளுக்குள் என்ன இருக்கிறது என்பதை இங்கே சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் வித்தை எதுவும் இல்லாத காலம் அது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு தலையும் உண்மையான ஆள், ஒவ்வொரு முரசும் தச்சர் கையால் ஆனது. அதே ஆண்டில் இந்தியிலும் வெளியிட்டு, வடக்கே தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு வழி திறந்துவிட்டார் வாசன்.

அடுத்து சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் இங்கிருந்துதான் வந்தது. சுந்தரம் நேரத்திலும் செலவிலும் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். அந்தக் கண்டிப்பைப் படத்திலேயே பார்க்கலாம், காட்சிகள் சுறுசுறுப்பாக நகரும். 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை, ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை. வசனம் மு. கருணாநிதி. கதாநாயகன் எம்.ஜி.ஆர். இயக்கியவர்களில் ஒருவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். பழைய பௌத்த காப்பியம், திராவிட இயக்க வசனம், அமெரிக்கக் கேமரா கண் எல்லாம் சேலத்தில் ஒரு கூரையின் கீழ் சந்தித்தன. 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழு நீள வண்ணப்படம். அதைச் சுந்தரமே இயக்கினார். ஸ்டுடியோ இன்று இல்லை. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ஏற்காடு போகும்போது ஒரு நிமிடம் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

மூன்றாவது ஏவி.எம். காரைக்குடியில் படம் எடுத்துக்கொண்டிருந்த மெய்யப்பச் செட்டியார் 1948-இல் ஸ்டுடியோவைச் சென்னைக்கு, வடபழனிப் பக்கம் கொண்டுவந்தார். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' இங்கே உருவானது. சிவாஜி கணேசன் முதன்முதலாகக் கேமரா முன் நின்ற இடத்தில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். நீதிமன்ற வசனம் எல்லோருக்கும் தெரியும். படத்தின் முன்பகுதியையும் கவனித்துப் பாருங்கள். ரங்கூனில் பிழைக்கப் போன தமிழ்க் குடும்பம், உலகப் போர், அகதிகளாகத் திரும்பி வருதல், ஊரில் வரவேற்க ஆள் இல்லாமை. பர்மாவிலிருந்து வந்த உறவினர் நம்மில் எத்தனையோ பேருக்கு இருந்திருப்பார்கள்.

அதே ஏவி.எம். 1954-இல் 'அந்த நாள்' எடுத்தது. 1943-இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் நடக்கும் கதை. ரேடியோ எஞ்சினியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் ஒரு விதமாகச் சொல்கிறார்கள். படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. இயக்கியவர் எஸ். பாலசந்தர், ஆம், வீணை மேதை பாலசந்தரேதான். பத்துப் பதினைந்து பாட்டு இருந்தால்தான் படம் என்ற காலத்தில், வீணைக்காரர் ஒருவர் பாட்டே இல்லாமல் படம் எடுத்தார். செட்டியார் அதற்குப் பணம் போட்டார். அப்போது படம் நன்றாக ஓடவில்லை. இப்போது பார்த்தால் நேற்று எடுத்தது போல இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பழைய படம் காட்ட வேண்டுமென்றால் இதைக் காட்டுங்கள். முடிவை மட்டும் முன்னாலேயே உளறிவிடாதீர்கள்.

நான்காவது விஜயா வாகினி. நாகிரெட்டியும் சக்கரபாணியும். நாம் சிறுவயதில் படித்த அம்புலிமாமாவும் அவர்களுடையதுதான். 1957-இல் வந்த 'மாயாபஜார்' மகாபாரதக் கதைமாந்தர்களை வைத்து எடுத்த படம், ஆனால் அதில் பாண்டவர்கள் ஒரு காட்சியில்கூட வரமாட்டார்கள். ரங்காராவ் கடோத்கசனாக விருந்து சாப்பிடும் காட்சியில் லட்டுகள் தாமாகவே வாய்க்குள் போகும். படகுக் காட்சியின் நிலவொளி, ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கைவண்ணம். 1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் வேலை கிடைக்காத ஓர் இந்து இளைஞனும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணும், தம்பதிக்குத்தான் வேலை என்பதால் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். எல்.வி. பிரசாத் தமிழிலும் தெலுங்கிலும் சேர்த்தே எடுத்தார். இரண்டிலும் சாவித்திரி உண்டு. தமிழில் ஜெமினி கணேசன் நடித்த இடத்தில் தெலுங்கில் என்.டி. ராமராவ், தங்கவேலு நடித்த இடத்தில் நாகேஸ்வரராவ். ஒரே காட்சியை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். நடிப்பு என்றால் என்ன என்று அரை மணி நேரத்தில் புரியும். நம் குடியிருப்பில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி முத்திரை வாரியாக நான்கைந்து படங்கள் பார்த்தால், டைட்டில் கார்டில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, கலை, உடை. பழைய லெட்ஜரில் ஒரே கையெழுத்தைப் பல பக்கங்களில் பார்ப்பது போன்ற சந்தோஷம் அது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பல படங்கள் நீளம். நடிகர்கள் பலர் நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர்கள். பெண் என்றால் அடங்கிப் போக வேண்டும் என்ற உபதேசமும், ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் கேலி செய்யும் நகைச்சுவையும் ஏராளம். அவற்றைப் புனிதம் என்று தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. கூட உட்கார்ந்திருக்கும் பேத்தி "இது என்ன தாத்தா?" என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். படம் பார்த்ததன் பாதிப் பலன் அந்தப் பேச்சில் கிடைத்துவிடும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கேட்பீர்கள். தமிழின் முதல் பேசும் படம் 1931-இல் வந்த 'காளிதாஸ்'. இன்று அதன் பிரதி கிடையாது. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936-இல் 'மிஸ் கமலா' படத்தை இயக்கினார். தமிழில் ஒரு பெண் இயக்கிய முதல் படம், அதுவும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வைத்தால் நைந்து போகும். ஓடி முடிந்த படத்துக்கு இனி மதிப்பில்லை என்று நினைத்து, ஃபிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கவும் கொடுத்துவிட்டார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் வந்தது. அதற்குள் போனது போனதுதான். வங்கியில் ஒரு வவுச்சர் காணாமல் போனால் மாடி முழுக்கத் தேடுவோம். இங்கே படங்களே காணாமல் போயிருக்கின்றன.

படம் போனால்கூட, பார்த்தவர்களின் ஞாபகம் இருக்கும். அதற்கும் இப்போது நேரம் குறைந்துவருகிறது. நம் பிளாக்கில் எண்பது தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி போன பிறகு லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. ஒருநாள் எங்கள் வீட்டில் 'மிஸ்ஸியம்மா' ஓடிக்கொண்டிருந்தபோது ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தவர், நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். அவர் ஊர் டூரிங் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தானாம், ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இடைவேளை. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் சண்டைக்கு வருவாராம். கல்யாணமான புதிதில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் பெண்கள் பக்கம், இவர் ஆண்கள் பக்கம். படம் முடிந்து வெளியே வந்துதான் இரண்டு பேரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டார்களாம். ஒரு மணி நேரம் பேசினார். அத்தனை மாதங்களில் அவர் குரலை அவ்வளவு நேரம் நான் கேட்டதில்லை.

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, பழைய படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். உங்களைவிட மூத்தவர் ஒருவரையும், இளையவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, யூடியூபில் ஒரே படம் பல வடிவங்களில் கிடைக்கிறது, சிலவற்றில் பாட்டையும் காட்சிகளையும் வெட்டியிருக்கிறார்கள். நேர அளவை ஒப்பிட்டு, நீளமானதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம், இரண்டு மாலைகளாகப் பிரித்துக்கொண்டால் முதுகும் முழங்காலும் வாழ்த்தும். மூன்று, மூத்தவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். எந்த ஊர், எந்தக் கொட்டகை, டிக்கெட் என்ன விலை, யாரோடு போனார்கள். ஒரு பக்கம் போதும். இந்தச் செய்தி மடலில் போட ஆசிரியர் குழு சம்மதித்திருக்கிறது.

வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் 'அந்த நாள்' பார்க்கலாம். ஆறேழு பேருக்கு இடம் இருக்கிறது, காபி உண்டு. லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்ய வேண்டும் என்று பராமரிப்புக் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். வருபவர்கள் உங்கள் தளத்தில் அதிகம் வெளியே வராத ஒருவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.