ஒரு தீவுக்குச் சாமான் வாங்குதல்



மாலைதீவில் ஒரு சொகுசு ஹோட்டலில் கொள்வனவு முகாமையாளராக வேலை செய்கிறேன் என்றால், "அங்கே என்ன வாங்குவீர்கள்?" என்று கேட்பார்கள். எல்லாம்தான். ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ள நாடு அது. ஒரு தீவில் ஒரு ஹோட்டல் என்பதே பெரும்பாலும் வழக்கம். மணல் நிலம். மீன், தேங்காய், சில பழவகைகள் தவிர மற்றதெல்லாம் கப்பலிலோ விமானத்திலோ மாலேக்கு வந்து, அங்கிருந்து படகில் எங்களிடம் வரவேண்டும். எங்கள் கரட்டும் லீக்ஸும் கொழும்பிலிருந்து போகின்றன. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் படகு பிந்தும். விருந்தினருக்கு அது தெரியவே கூடாது.

மூன்று இடத்தில் விலை கேட்டு ஒப்பிடுவது யாராலும் முடியும். தராசடியில் நிற்பதுதான் வேலை. உறைந்த இறாலை அதன்மேல் உள்ள ஐஸ் நீக்கி நிறுக்காவிட்டால், தண்ணீருக்கும் இறால் விலை கொடுப்போம். தக்காளிப் பெட்டியின் அடித்தட்டைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. (எங்கள் விடுதிக் களஞ்சியத்தில் பாண் எண்ணி வாங்கிய அக்காவை நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) பண்டிகை நாட்களில் விற்பனையாளர்கள் அனுப்பும் பரிசுப் பொதிகள் ஊழியர் விருந்தின் அதிர்ஷ்டச் சீட்டுக்குப் போய்விடும்.

2020 மார்ச் இறுதியில் மாலைதீவு தன் எல்லைகளை மூடியது. ஹோட்டலில் ஒரு விருந்தினரும் இல்லை, வருமானமும் இல்லை. ஆனால் 60 நாள், 90 நாள் தவணையில் வாங்கிய சாமான்களுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. கணக்குப் பிரிவு ஒரு பட்டியல் போட்டது. பெரிய இறக்குமதிக் கம்பனிகள் மேலே, ஏனென்றால் திரும்பத் திறக்கும்போது அவர்களிடம்தான் போகவேண்டும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டியலின் அடியில் பக்கத்துத் தீவு மீனவர்கள் மூவரும், கூரைக்கு ஓலை பின்னித் தரும் பெண்கள் சிலரும் இருந்தார்கள். எங்கள் ஊர்க் கிடுகுக்கு அது வேறு மாதிரியான பின்னல், ஆனால் கை நோவது ஒன்றுதான்.

இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டியது ஒரு மதுபானக் கம்பனியின் ஒரு பில்லைவிடக் குறைவு. அதைச் சொன்னேன். "எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே" என்றார் நிதி முகாமையாளர். ஒப்பந்தம் இல்லைத்தான். ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு கட்டு ஓலைக்கும் நான் கையெழுத்திட்ட பொருள் பெற்ற சீட்டு இருந்தது. மூன்று நாள் இருந்து அவற்றைத் திகதிவாரியாக அடுக்கி அவர் மேசையில் வைத்தேன். மீனவர்களுக்கு முழுக் காசும் கிடைத்தது. ஓலைக் காசில் பாதிதான் அந்த மாதம் கிடைத்தது, மீதி ஓகஸ்டில்.

யூலை 15 நாடு திறந்தது. பெரிய கம்பனி ஒன்று முற்பணம் இல்லாமல் சாமான் அனுப்ப மறுத்தது. சூரை மீன் மட்டும் முதல் நாள் விடியவே இறங்குதுறைக்கு வந்தது. ஓலை பின்னுகிற பெண்களில் ஒருவர் அன்றிலிருந்து இன்றுவரை கையில் காசு வாங்காமல் ஒரு கட்டும் இறக்குவதில்லை. கணக்குப் பிரிவுக்கு அது தலையிடி. நான் அவருக்கு எப்போதும் காசை முன்கூட்டியே எடுத்து வைப்பேன்.

உயர்தர வர்த்தகப் பிரிவுத் தங்கச்சிமார் இந்தத் தொழில்பற்றிக் கேட்க விரும்பினால், தேநீர் நேரத்தில் மண்டப வாசலில் நிற்பேன். சம்பளத்தைப்பற்றியும் கேட்கலாம்.