சிலம்பும் மும்மணியும்



கம்பம் பள்ளத்தாக்கின் இரு குன்றுகள் அணிகலன் பற்றி நமக்கு அறிவுறுத்துகின்றன.

கூடலூருக்கு மேலே எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் உள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் அங்கே திரள்வர். கண்ணகியின் சிலம்பும் பாண்டிமாதேவியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தன. பொற்கொல்லன் கூறிய பொய்யை மன்னன் ஆராயாது நம்பினான், கோவலன் கொலையுண்டான். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பு உடைந்தபோது தெறித்ததோ மாணிக்கம். உள்ளிருந்த பரலே உண்மை உரைத்தது.

உத்தமபாளையம் திருக்குணகிரிப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பெற்றுள்ளன. அச்சணந்தி அடிகளின் பெயர் அங்கே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அத்திருவுருவங்களில் ஓர் அணியும் இல்லை.

அவ்வாறாயின், தமிழ்ச் சமணம் அணிகலனை வெறுத்ததா? இல்லை. சமண மரபு போற்றும் சிலப்பதிகாரம், சீவக சிந்தாமணி, வளையாபதி ஆகிய காப்பியங்களின் பெயர்களிலேயே சிலம்பும் மணியும் வளையும் ஒளிர்கின்றன. இல்லறத்தார் ஒழுக்கம் உரைக்கும் நூலுக்கும் அருங்கலச்செப்பு, அதாவது அணிகலப் பேழை, என்றே பெயர். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளே அப்பேழையில் உள்ளவை. இல்லறத்தார் பொன்னை முற்றும் துறக்க வேண்டுவதில்லை. பொருளை வரையறுத்துக்கொள்வதே அவர்க்குரிய விரதம்.

மணப்பெண்ணின் மதிப்பைப் பவுன் கணக்கால் அளக்கும் வழக்கம் அவ்வரையறையை மறந்ததன் விளைவு. பாட்டியின் நகையைப் பேத்திக்கு அணிவிக்கும் இல்லங்கள், அதனுடன் மும்மணியையும் அளிக்க வேண்டும். நகையைக் கள்வர் கவரலாம். வறுமை வந்தால் விற்கவும் நேரலாம். மும்மணியோ உயிரோடு உடன் செல்வது.

ஜினதருமம் வளர்க!