தனக்குத் தானே பகை

பேய்க் கதையை விரும்பாத குழந்தை இல்லை. அச்சம் ஒருபுறம் பிடித்து நிறுத்தும். ஆவல் மறுபுறம் பிடித்து இழுக்கும். பெரும்பாலான பேய்க் கதைகளில் பேய் வெளியிலிருந்து வரும். வீரன் அதனை வென்று விரட்டுவான். கேட்ட குழந்தை அமைதியாக உறங்கும். ஆனால், தன்னுள்ளிருந்தே ஒரு பேய் எழுமாயின் அதனை எங்ஙனம் விரட்டுவது? இக்கேள்வியைச் சிறுவர்க்கென ஆக்கப்பெற்ற ஒரு சித்திரப் படம் எழுப்புகின்றது. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டில் நிக்கலோடியன் என்னும் தொலைக்காட்சியில் 2004 முதல் 2007 வரை ஒளிபரப்பான தொடர் 'டேனி ஃபேன்டம்'. அதனைப் படைத்தவர் புட்ச் ஹார்ட்மன். கதைத் தலைவன் டேனி ஃபென்டன், பதினான்கு வயதுப் பள்ளிச் சிறுவன். அவன் தாயும் தந்தையும் பேய்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். பேயுலகத்திற்கு ஒரு வாயில் அமைக்க அவர்கள் முயன்றார்கள், அது இயங்கவில்லை. ஒரு நாள் சிறுவன் அதனுள் நுழைந்தான், வாயில் இயங்கிவிட்டது. அன்று முதல் அவன் பாதி மனிதன், பாதி பேய். ஊரைத் துன்புறுத்த வரும் பேய்களோடு போராடுகிறான். அந்தப் பேயுருவத்தையே பெற்றோர் வேட்டையாடத் துடிக்கின்றனர்; அது தம் மகன் என்பதை அவர்கள் அறியார்.

இத்தொடரில் 2005 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்த ஒரு நீண்ட பகுதி, 'தி அல்டிமேட் எனிமி'. இறுதிப் பகைவன் என்பது அதன் பொருள். பள்ளியில் மாணவர்களின் வருங்காலத் தொழிலுக்கு வழிகாட்டும் தேர்வு ஒன்று வருகின்றது. ஊரைக் காக்கும் வேலையில் டேனிக்குப் படிக்கப் பொழுது இல்லை. அந்நிலையில் தேர்வின் விடைகள் எதிர்பாராமல் அவன் கைக்கு வந்து சேர்கின்றன. எடுத்துப் பார்த்தால் யாருக்குத் தெரியப் போகின்றது? 'ஊருக்காக இவ்வளவு உழைக்கும் எனக்கு இந்தச் சிறு சலுகை கூடாதா?' என்று மனம் வாதாடுகின்றது. நல்லவர்களிடம் தவறு நுழைவது பெரும்பாலும் இந்த வாதத்தின் வழியாகத்தான்.

காலத்தை ஆளும் கிளாக்வொர்க் என்னும் பேயின் வாயிலாகப் பத்தாண்டுக்குப் பின் நிகழ இருப்பது டேனிக்குப் புலனாகின்றது. ஊர் பாழாகிக் கிடக்கின்றது. பாழாக்கியவன் ஒரு கொடிய பேய்; அவன் வேறு யாருமல்லன், வளர்ந்துவிட்ட டேனியே.

அவன் எப்படி அவ்வாறு ஆனான்? தேர்வில் செய்த வஞ்சகம் வெளிப்படுகின்றது. அதனைப் பற்றிப் பேச ஆசிரியர் லான்சர் பெற்றோரை ஓர் உணவு விடுதியில் சந்திக்கிறார். அங்கே கொதிகலம் வெடித்துத் தாய், தந்தை, தமக்கை, தோழர் இருவர், ஆசிரியர் ஆகிய அனைவரும் மாண்டு போகின்றனர். தனியனான சிறுவன், தன் பழைய பகைவனாகிய விளாட் மாஸ்டர்ஸ் என்பவனிடம் அடைக்கலம் புகுகின்றான். துயரத்தைத் தாங்கமாட்டாமல், அதனை உணரும் பகுதியையே தன்னிடமிருந்து நீக்க விழைகின்றான். விளாட் ஒரு கருவியால் மனிதனையும் பேயையும் வேறாகப் பிரிக்கின்றான். பிரிந்த பேய், விளாடின் பேய்ப் பகுதியையும் பறித்துத் தன்னோடு கலந்து, இரக்கம் என்பதே அறியாத கொடியவனாக எழுகின்றது.

நேயர்களே, இந்த இடத்தை ஊன்றி நோக்க வேண்டும். தேர்வில் செய்த வஞ்சகம் மட்டுமே அவனைக் கொடியவனாக்கிவிடவில்லை. துயரம் கூட அவனைக் கெடுக்கவில்லை. துயரம் வேண்டாம் என்று மனத்தையே அறுத்தெறிந்தானே, அதுதான் கெடுத்தது. அழத் தெரிந்த பகுதி போயிற்று. அதனோடு அன்பும் போயிற்று. ஆற்றல் மட்டும் எஞ்சிற்று. மனமற்ற ஆற்றலுக்குத்தான் இக்கதை பேய் என்று பெயர் சூட்டுகின்றது.

கதை மேலும் செல்கின்றது. கொடியவன், சிறுவனை எதிர்காலத்தில் சிறைப்படுத்திவிட்டு, அவன் உருவில் பழைய காலத்திற்கு வருகின்றான். தானே தேர்வு எழுதி வஞ்சகத்தை நிறைவேற்றுகின்றான். உற்றார் அனைவரையும் அக்கொதிகலத்தோடு பிணைக்கின்றான். எதிர்காலத்தில் முதுமையுற்று, செய்ததற்கு வருந்தி வாழும் விளாடே சிறுவனை மீட்டு அனுப்புகின்றான். சிறுவன் தன் கொடிய உருவோடு போரிட்டு வென்று, அதனை ஒரு கலத்துள் அடைக்கின்றான். ஆனால் வலிமை முழுதும் தீர்ந்துவிட்டது. கண்ணெதிரே கொதிகலம் வெடிக்கின்றது. அந்நொடியில் கிளாக்வொர்க் காலத்தை நிறுத்திப் பின்னோக்கித் திருப்பி, எல்லாரையும் காக்கிறான்.

'இது முறையா? வாழ்க்கையில் காலத்தைத் திருப்பித் தருவார் எவரும் இலரே' என்று சிலர் கேட்கலாம். கேள்வி நேரியதே. ஆயினும் அதற்குப் பின் நடப்பதைக் காணுங்கள். உற்றார் பிழைத்துவிட்டனர், விடைகளும் கையில் உள்ளன, அச்சுறுத்துவார் எவரும் இல்லை. அப்பொழுதுதான் டேனி ஆசிரியரிடம் சென்று விடைகளை ஒப்படைத்து, உண்மையைச் சொல்லுகின்றான். தண்டனைக்கு அஞ்சித் திருந்துவது ஒன்று. அச்சம் நீங்கிய பின்னும் திருந்தி நிற்பது மற்றொன்று. பின்னதே மெய்யான திருத்தம்.

கதையில் மற்றொரு செய்தியும் உண்டு. இச்சிறுவன் பிற்காலத்தில் கொடியவன் ஆவான் என்று கண்ட மேலோர் சிலர், அவனை முன்னரே அழித்துவிடுமாறு கிளாக்வொர்க்கைப் பணிக்கின்றனர். அவனோ அழிக்கவில்லை, அவனுக்கு அவனையே காட்டினான். பிழை செய்ய இருக்கும் பிள்ளையைக் கண்டால், 'இவன் உருப்படமாட்டான்' என்று முடிவு கட்டும் பெரியவர்கள் உண்டு. அப்பிழை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைப் பொறுமையோடு காட்டும் பெரியவர்களும் உண்டு. நாம் எவ்வகையினர் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று.

தமக்கை ஜாஸ், தம்பியின் மறைபொருளை நெடுநாளாகவே அறிந்திருந்தாள். அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். இக்கதையில்தான் அதனை அவனுக்குத் தெரிவிக்கிறாள். தனியாகச் சுமப்பதாக எண்ணிய சுமைக்கு ஒரு தோள் முன்னரே துணை நின்றது. அந்தத் துணையை இழந்தபோதுதான் அவன் பேயானான். அது இருக்கும்வரை அவன் மனிதன்.

பேயை வெல்ல மந்திரம் வேண்டியதில்லை, நேயர்களே. உண்மையைச் சொல்லும் துணிவும், துயரத்தைத் தாங்கும் மனமும், அருகில் அமர்ந்து கேட்கும் ஓர் உறவும் போதும்.