கறை பல்லுல, காரணம் தண்ணியில

"பல் டாக்டர் இருக்கிற இடத்துல சோஷியல் வொர்க்கருக்கு என்ன வேலை?"னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. நியாயமான கேள்விதான். நான் எம்.எஸ்.டபிள்யூ. படிச்சவ, யார் வாயிலயும் கருவி வைக்கிறதில்ல. தர்மபுரிப் பக்கத்து விஷயம் ஒண்ணு சொல்றேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல பல ஊர்கள்ல நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைஞ்சு வருது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை. அதைத் தாண்டின தண்ணிய சின்ன வயசுல தொடர்ந்து குடிச்சா, எனாமல் உருவாகும்போதே பாதிப்பு வந்துடும். பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டு இருக்கும், போகப்போகப் பழுப்பேறும். எந்த பேஸ்ட் போட்டுத் தேய்ச்சாலும் போகாது.

ஆனா பிள்ளைக்குக் கிடைக்கிற பேரு? "பல்லே விளக்காதவ." கிளாஸ்லயும் சொல்றாங்க, பொண்ணு பாக்க வர்றவங்களும் சொல்றாங்க. கையால வாயை மூடிக்கிட்டே சிரிக்கிற பொண்ணுங்களை அங்க நிறையப் பாத்திருக்கேன். செங்கல் பொடி, சாம்பல்னு வச்சுத் தேய்ச்சு ஈறு புண்ணானதுதான் மிச்சம்.

முகாமுக்கு வர்ற பி.டி.எஸ். மாணவர்கள் எடுத்தவுடனே, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிரஷ் பண்ற?"ம்பாங்க. "சின்ன வயசுல எந்தத் தண்ணி குடிச்ச?"னு மாத்திக் கேக்கச் சொல்வேன். அப்போ பக்கத்துல நிக்கிற அம்மா முகத்தைப் பாக்கணும். அதுவரைக்கும் தன்னோட வளர்ப்பைத்தான் விசாரிக்கிறாங்கன்னு நினைச்சுட்டு நிப்பாங்க. (இந்தக் கேள்வி எந்தப் பாடப் புத்தகத்துலயும் கஷ்டமான விஷயம் இல்ல, கேக்கணும்னு தோணணும், அவ்வளவுதான்.)

2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலமா காவிரித் தண்ணி வந்துச்சு. பெரிய விஷயம். ஆனா குழாய்ல வராத அன்னைக்கு போர் தண்ணிதான். குடிக்க மட்டும் காவிரி, சோறு குழம்புக்கு போர்னு வச்சிருக்கிற வீடும் உண்டு. "காய்ச்சித்தானேம்மா குடிக்கிறோம்"னு சொல்வாங்க. காய்ச்சினா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி வத்த வத்த அடர்த்திதான் கூடும். இதை போஸ்டர் ஒட்டிப் புரியவைக்க முடியாது, அடுப்படியில உக்காந்துதான் பேசணும்.

வளந்தவங்களுக்குக் கறையை மறைக்க சிகிச்சை இருக்கு, செலவும் இருக்கு. அதனால நாங்க முதல்ல தேடுறது எட்டு வயசுக்குக் கீழ பிள்ளைங்க இருக்கிற வீட்டைத்தான். அவங்களுக்கு இன்னும் பல் உருவாகிட்டிருக்கு. அங்க போனதும் நான் கேக்குறது, "சோத்துக்கு எந்தக் குடம்?"