பையில் ஒரு விசில்

2022 பிப்ரவரியில் டிவி முன்னால் பதைப்போடு உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா? பாலக்காட்டுக்குப் பக்கம், மலம்புழை குரும்பாச்சி மலையில் ஓர் இளைஞர் மாட்டிக்கொண்டார். கூட வந்தவர்கள் பாதியில் திரும்பிவிட, அவர் மட்டும் மேலே ஏறினார். கால் வழுக்கி, செங்குத்துப் பாறையின் இடுக்கில் போய் விழுந்தார். காலில் அடி. சுமார் 45 மணி நேரம், தண்ணீர்கூட இல்லை. ஹெலிகாப்டராலும் நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி, முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு மேலே ஏற்றினார்கள். வெலிங்டனிலிருந்து போனவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள், நம்ம நீலகிரிக்காரர்கள்!

அவரிடம் போன் இருந்தது. பேசினார், படம் அனுப்பினார், அதனால் இடம் தெரிந்தது. சிக்னலே இல்லாத காடாக இருந்தால்?

அங்கேதான் என் செல்லமான விசில் வருகிறது. மலையேற்றத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவது என் வேலை. ஆளுக்கொரு விசில் கொடுத்தால், "என்ன சார், பஸ் கண்டக்டரா நாங்க?" என்று சிரிப்பார்கள். ஒருவனைச் சரிவுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துக் கத்தச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிவிடும், பாதியைக் காற்று தின்றுவிடும். அப்புறம் ஊதச் சொல்வேன். சிரிப்பு நின்றுவிடும். வீட்டில் கேட்டுப் பாருங்களேன், நாம் கூப்பிடுவது அடுத்த அறைக்கு எட்டாது, குக்கர் விசில் மூன்றாவது வீட்டுக்குப் போகும்!

ஊதுவதற்குக் கணக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே ஆல்ப்ஸ் மலையேறுபவர்களுக்காக வகுத்தது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, அடுத்த நிமிடம் மௌனம், மறுபடி ஆறு. கேட்டவர் மூன்று முறை பதில் கொடுப்பார். அந்த மௌனத்தை விட்டுவிடாதீர்கள், பதில் காதில் விழுவது அப்போதுதான். இரவில் டார்ச்சுக்கும் இதே கணக்கு.

முதலுதவி பற்றி நிறைய எழுதிக்கொண்டு வந்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ரத்தம் வந்தால் துணி வைத்து அழுத்துங்கள். எலும்பு முறிந்திருந்தால் நிமிர்த்தாமல், இருந்தபடியே குச்சி வைத்துக் கட்டுங்கள். வழி தவறினால், ஓடை வழியே இறங்கிவிடலாம் என்று கிளம்பாதீர்கள், நம் மலைகளில் அது அருவி விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தலாம். வனத்துறை அனுமதி, வீட்டில் சொல்லிவைப்பது, அவசர உதவிக்கு 112... எல்லாம் உங்களுக்குத் தெரியும். இந்த லீவில் மலைக்குக் கிளம்பும் பிள்ளையின் பையில், முறுக்கோடு சேர்த்து விசிலும் போட்டு அனுப்புவீர்கள் என்று நம்புகிறேன்.