பிரதியும் மீட்சியும்

மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. லாரியிலிருந்து நாற்பது மூட்டைகள் இறங்கிவிடும். எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாகவே இருக்கும். ஒன்றும் காணாமற் போயிராது. ஆயினும் அன்றிரவு வீட்டில் ஒருவருக்கும் காப்பி கிடைக்காது. பில்டர் ஒரு பெட்டியில், அடுப்பு வேறொன்றில், காப்பிப்பொடியோ குழந்தைகளின் பாடப் புத்தகங்களுக்கு அடியில். சாமான்கள் பத்திரமாக வந்து சேர்வது வேறு, வீடு நடப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஆனால் வீட்டுச் சாமான்களைக் கொண்டு அன்று, கணிப்பொறிகளைக் கொண்டு.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். இலக்கியம் படித்து, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன். தமிழில் வரும் மனுக்களை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் எழுதப்படும் பதில்களைத் தமிழிலும் ஆக்கித் தருவது என் தொழில். இத்தகையவனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். காரணத்தைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஒரு பெரிய கணிப்பொறியின் ஆற்றலைப் பல பங்குகளாக்கி, ஒவ்வொரு பங்கும் தனிக் கணிப்பொறி போலவே இயங்குமாறு செய்யும் மென்பொருள் உண்டு. அவ்வாறு இயங்கும் பங்குக்கு மெய்நிகர் பொறி என்று தமிழில் பெயர். எண்ணம் புதிதன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே தன் பெரிய கணிப்பொறிகளுக்கு இத்தகைய மென்பொருளை வெளியிட்டது. இன்று அவ்வகைக் கணிப்பொறிகளை ஆயிரக்கணக்கில் ஒரே கட்டிடத்தில் அடுக்கி, பங்குகளை வாடகைக்கு விடுகிறார்கள். அந்த ஏற்பாட்டுக்குக் ‘கிளவுட்’ என்று பெயர். பெயர்தான் மேகம், இருப்பதெல்லாம் தரையில், கூரைக்கும் பூட்டுக்கும் உள்ளே. ‘விர்ச்சுவல்’ என்பதற்கு இந்தியில் ‘ஆபாஸி’ என்னும் சொல் வழங்குகிறது. தோற்றம் என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து பிறந்தது அது. அதே வடசொல் தமிழுக்கு வந்தபோது ஆபாசமாகிவிட்டது. சுற்றறிக்கை ஒன்றில் ‘ஆபாஸி மஷீன்’ என்று படித்துவிட்டு, புதிதாக வடக்கே வந்த தமிழ்ச் சகோதரர் ஒருவர் திடுக்கிட்டதை நான் நேரிற் கண்டேன்.

மெய்நிகர் பொறியின் பெரிய வசதி, அதன் வட்டு முழுவதும் ஒரு கோப்பாகவே இருப்பதுதான். கோப்பாக இருப்பதனால் பிரதி எடுக்கலாம். ஒரு நாள் முழுப் பிரதி எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வோர் இரவும் மாறியவற்றை மட்டும் எடுத்து வைப்பது வழக்கம். மீட்கும்போது முழுப் பிரதியின்மேல் அந்த மாற்றங்களை வரிசையாக ஏற்ற வேண்டும். இடையில் ஓர் இரவின் பிரதி கெட்டிருந்தால், அதற்குப் பின்வந்தவை பயன்படா. ஒரு பொறி அழிந்தால் இதுவே போதும். பல பொறிகள் ஒருங்கே அழிந்தால்தான் தொல்லை தொடங்குகிறது.

ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம் உள்ளது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்குகளை நிர்வகிக்கும் நிறுவனம் அது. 2024-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதன் உறுப்பினர்கள் தம் கணக்கைப் பார்க்க முடியாமற் போயிற்று. கூகுள் கிளவுட்டில் அந்நிறுவனத்துக்கென அமைந்திருந்த தனி ஏற்பாடு முழுவதும் அழிக்கப்பட்டுவிட்டது. அதனை முதலில் அமைத்தபோது ஒரு விவரம் நிரப்பப்படாமல் விடப்பட்டிருந்தது. அதன் விளைவாக அந்த ஏற்பாட்டுக்கு ஒரு காலக்கெடு தானாகவே விழுந்து, கெடு முடிந்ததும் எல்லாம் நீங்கிவிட்டன. இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வைத்திருந்தார்கள். ஆனால் அழிக்கும் கட்டளை இரண்டு இடங்களுக்கும் சேர்ந்தே சென்றது. இரட்டை ஏற்பாடு தீயிலிருந்து காக்கும், வெள்ளத்திலிருந்து காக்கும். ஒரே கட்டளைக்கு இரண்டும் கட்டுப்பட்டிருந்தால் தவறான கட்டளையிலிருந்து காக்காது. நல்ல வேளையாக அந்நிறுவனம் வேறொருவரிடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது. கூகுளிடத்திலேயே தனியே சேமித்திருந்த பிரதிகளும் தப்பின. உறுப்பினர்களின் பணத்துக்குச் சேதமில்லை. எனினும் நூற்றுக்கணக்கான மெய்நிகர் பொறிகளையும் தரவுத்தளங்களையும் மீட்டுச் சேவை மீண்டும் தொடங்க ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. பிரதி கையில் இருந்தும் ஒரு வாரம் என்பதை நேயர்கள் கருத வேண்டும்.

ஏன் அத்தனை நாள்? முதற் காரணம் வெறும் கணக்கு. ஐந்நூறு கிகாபைட் கொண்ட இருபது பொறிகள் என்றால் பத்து டெராபைட் ஆகிறது. வினாடிக்கு ஒரு கிகாபிட் வேகமுள்ள இணைப்பு ஒரு கணமும் தளராமல் ஓடினாலும், அவ்வளவையும் கொண்டுவர இருபத்திரண்டு மணி நேரம் பிடிக்கும். எந்த இணைப்பும் அப்படி ஓடுவதில்லை. ஆகையால் எது முதலில் வரவேண்டும் என்னும் கேள்வி எழுகிறது. அடுப்பா, பில்டரா, பாடப் புத்தகமா?

இங்கேதான் என் சொந்த அனுபவம் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலையில், நான் அப்போது பணியாற்றிய அலுவலகத்தின் எட்டுப் பொறிகளும் இல்லாமற் போயின. பயன்படாத பழைய பொறிகளை நீக்கப் புகுந்த ஒருவர், பயன்படுபவற்றையும் சேர்த்து நீக்கிவிட்டார். காப்புப் பிரதி எட்டுக்கும் இருந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்டோம். கிடைத்தவற்றை எல்லாம் ஒருசேர மீட்கத் தொடங்கினார்கள்.

மாலையில் ஆறு பொறிகள் எழுந்தன. ஆயினும் எவரும் உள்ளே புக முடியவில்லை. ஊழியரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் பொறியே கடைசியாக வந்துகொண்டிருந்தது. வாயிற்காவலன் வராத கட்டிடம்போல ஆறும் எம்மைத் திருப்பியனுப்பின. இதற்கிடையே அஞ்சல் அனுப்பும் பொறி வேறு ஒரு வேடிக்கை செய்தது. பிரதி எடுத்த இரவில் அனுப்பப்படாமல் நின்றிருந்த கடிதங்கள் அதற்குள்ளேயே இருந்தன. எழுந்தவுடன் தன் கடமையை நினைத்துக்கொண்டு, முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அவற்றை எல்லாம் இரண்டாம் முறை அனுப்பிவிட்டது. மீட்ட பொறிகளை முதலில் வெளியுலகத் தொடர்பில்லாத தனி வலையில் எழுப்பிப் பார்ப்பதற்கு இதுவே காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இவையெல்லாம் மறுநாளே தீர்ந்தன. தீராதது வேறொன்று. மனுக்களின் பதிவேட்டை வைத்திருந்த பொறிக்கு ஞாயிறு இரவுப் பிரதி கிடைத்தது. மொழிபெயர்ப்புக் கோப்புகளை வைத்திருந்த பொறிக்கோ வியாழன் இரவுப் பிரதிதான் நல்ல நிலையில் இருந்தது. இரண்டையும் அப்படியே இயக்கிவிட்டார்கள்; கிடைத்தவற்றுள் புதியதுதானே சிறந்தது என்பது எண்ணம். வெள்ளிக்கிழமை நான் முடித்த மொழிபெயர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் அவை எல்லாம் முடிந்துவிட்டன என்று பதிவேடு சொல்லிற்று. முடிந்தது என்று பதிவாகிவிட்டதனால் என் நிலுவைப் பட்டியலில் அவை தோன்றவும் இல்லை.

அவற்றுள் ஒன்று, இறந்துபோன ஊழியர் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டுத் தமிழில் எழுதிய மனு. ஐந்து வாரங்கள் கழித்து அந்த அம்மாள் இரண்டாம் கடிதம் எழுதினார். ‘ஐயா, என் மனு தங்களுக்குக் கிடைத்ததா என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா’ என்று கேட்டிருந்தார். மனு கிடைத்திருந்தது, மொழிபெயர்க்கவும் பட்டிருந்தது. அது எந்த அதிகாரியின் மேஜையிலும் இல்லை, என் மேஜையிலும் இல்லை. மறுபடி மொழிபெயர்க்க எனக்கு அரை மணி நேரமே ஆயிற்று.

பதிவேட்டையும் வியாழன் இரவுக்கே பின்வாங்கச் செய்திருந்தால் மூன்று நாள் வேலை போயிருக்கும்; போயிற்று என்பதும் தெரிந்திருக்கும். அந்த மனு நிலுவையில் தோன்றியிருக்கும். ஒன்றையொன்று நம்பியிருக்கும் பொறிகளை ஒரே கணத்தின் நிலைக்கு மீட்க வேண்டும் என்று பொறியாளர்கள் சொல்வதன் பொருள் இதுதான். இதற்காகவே அவற்றை ஒரு குழுவாகக் குறித்துவைத்து, ஒரே நேரத்தில் பிரதி எடுக்கிறார்கள். எடுக்கும் கணத்தில், பாதி எழுதிய வரியை முடித்துவிட்டு ஒரு நொடி பேனாவை வைக்குமாறு தரவுத்தளத்துக்குக் கட்டளையும் இடுகிறார்கள். மீட்கும் வரிசையும் முன்கூட்டியே எழுதப்படுகிறது. பொறிகளின் பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் பொறியும் வாயிற்காவலனும் முதலில். பின்னர்த் தரவுத்தளமும் கோப்புக் களஞ்சியமும். அதன்மேல் வேலை செய்யும் மென்பொருள். பொதுமக்கள் காணும் பக்கம் கடைசியில். அந்த வரிசைத் தாளை, அழியக்கூடிய பொறிக்குள்ளேயே வைத்துவிடுவோரும் உண்டு!

எங்களுக்காவது பிரதி இருந்தது. தென்கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசாங்கத் தகவல் மையம் ஒன்றில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன. அறுநூற்றுக்கு மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. பல படிப்படியாக மீண்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளைச் சேமித்து வைத்த ‘ஜி-டிரைவ்’ என்னும் களஞ்சியம் மீளவில்லை. 858 டெராபைட், அளவு மிகப் பெரிது என்பதனால் வேறிடத்தில் பிரதி வைக்கவில்லையாம். கோப்பு எழுதியே நாளைக் கழிப்பவன் நான். எந்த நாட்டவராயினும் அந்தக் குமாஸ்தாக்களை எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இப்போது நான் இருக்கும் அலுவலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, பொறிக்குழு ஒன்றை இரவல் இடத்தில் மீட்டுப் பார்க்கிறார்கள். பொறிகள் எழுந்தன என்று பொறியாளர் சொன்னதும் என்னை அழைப்பார்கள். பதிவேட்டில் முடிந்ததாகக் காட்டும் பத்து மனுக்களை நானாகத் தேர்ந்து, அவற்றின் மொழிபெயர்ப்புத் திறக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சென்ற முறை ஏழாவது மனு திறக்கவில்லை. புதிதாகச் சேர்த்த வட்டு ஒன்றைப் பிரதிப் பட்டியலில் எழுத மறந்திருந்தார்கள். அன்று மாலையே எழுதிச் சேர்த்துவிட்டு, முதலிலிருந்து மீண்டும் மீட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு மறுபடி என்னை அழைத்தார்கள். ஏழாவது மனு திறந்தது.